இருபத்து மூன்றாம் தொட்டில்

சந்தையில் அவரைச் சொந்தப் பெயரில் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். ‘கிராம்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். இறைச்சிக் கடை, மருந்துக் கடை, தபால் நிலையம், குழந்தைகள் மருத்துவமனை என்று நகரத்தின் பாதித் தராசுகள் முப்பது வருடங்களாக அவர் கைபட்டுத்தான் ஓடுகின்றன. இடது தோளில் கருவிப்பை, வலது கையில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் பச்சைத் துணி ஒட்டிய குழிகளில் ஒரு கிராமிலிருந்து இரண்டு கிலோ வரை பித்தளை எடைக்கற்கள் உட்கார்ந்திருக்கும்.

“கிராம் வர்றாரு, தட்டுலேருந்து கைய எடுங்கப்பா” என்று காய்கறிக்காரி சத்தம் போடுவாள்.

“நான் என்ன போலீஸாம்மா?”

“போலீஸ்கிட்டயாவது பேசிப் பாக்கலாம்.”

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மீதியைப் பழுதான தராசுகளைப் பிரித்துப் போட்டுத் தானாகக் கற்றுக்கொண்டார். அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும். முதலில் நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு வெறும் தட்டு. பிறகு நடுவில் ஒரு கல், நான்கு மூலைகளிலும் அதே கல். அதன் பின் எடையை ஏற்றிக்கொண்டே போய், இறக்கிக்கொண்டே வருவார். ஒவ்வொன்றையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைப்பார். கோடு நேராக வந்தால்தான் கம்பி கட்டி, ஈயம் வைத்து, இடுக்கியால் தன் முத்திரையை அழுத்துவார்.

ஒருமுறை அவர் பெட்டியிலேயே தப்பு நடந்தது. இரண்டு இருநூறு கிராம் கற்களில் ஒன்று தேய்ந்தது. அதைத் தோராய வேலைக்கு என்று ஓரக் குழியில் வைத்திருந்தார். துடைத்து வைக்கும்போது அது நல்ல கல்லின் குழிக்குள் போய்விட்டது. மூன்று நாள் அதை வைத்தே பதினொரு தராசுகளுக்கு முத்திரை போட்டுவிட்டார். நான்காம் நாள் தெரிந்ததும் பதினொரு கடைக்கும் போய், தன் முத்திரையைத் தானே வெட்டி எடுத்தார்.

“எனக்குத் தெரியவே தெரியாதே. எதுக்கு வந்து சொல்றீங்க?” என்றார் இறைச்சிக் கடைக்காரர்.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே.”

தான் தத்துப் பிள்ளை என்பது அவருக்குப் பத்து வயதில் தெரியும். அம்மா அவருக்கு நகம் வெட்டிக்கொண்டே சொன்னாள். பத்தாவது விரல் முடிவதற்குள் விஷயமும் முடிந்துவிட்டது. அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. “கேக்கணும்னா எப்ப வேணா கேளு” என்றாள். அவர் கேட்கவில்லை. கேட்டால் அவள் முகம் எப்படி ஆகும் என்று தெரியாமல், அவள் இருந்தவரை வாயைத் திறக்கவில்லை.

அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து, அவருக்கு ஐம்பத்தொன்று நடக்கும்போது, அப்பா கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார். அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போதும் நாற்காலியில் உட்கார்ந்தால் ஸ்டியரிங் பிடிப்பது போலத்தான் கையை வைத்திருப்பார். உறையில் குழந்தைகள் இல்லத்தின் சீட்டு ஒன்று இருந்தது. ‘எண் 23. ஆண். ஐந்து மாதம். ஒப்படைக்கப்பட்டது.’

“இத ஏன் இப்பக் குடுக்குறீங்க?”

“உங்கம்மா இருக்கும்போது நீ கேக்க மாட்ட. நான் போனப்புறம் கேக்கறதுக்கு ஆள் இருக்காது. போய்ப் பாரு. நான் ஒன்னும் ஒடஞ்சு போயிட மாட்டேன்.”

இல்லத்தை மூடிப் பல காலமாகிவிட்டது. அதன் காகிதங்களெல்லாம் குழந்தைகள் நலத்துறையின் நிலவறையில் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மாள். விண்ணப்பம், அடையாள அட்டை, இல்லத்தின் சீட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, நான்கு மாதம் கழித்துக் கூப்பிட்டார்.

“முதல்ல ஒரு விஷயம். இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் முதல் பக்கத்துலயே அழுதுடுவாங்க. வெக்கப்பட வேண்டாம். டிஷ்யூ அந்தப் பக்கம் இருக்கு.”

“மீதிப் பேரு?”

“வெளியில போய் அழுவாங்க.”

கோப்பில் பதினான்கு பக்கங்கள். பெற்றவளுக்கு அப்போது வயது இருபத்து நான்கு. நூல் ஆலைத் தொழிலாளி. கணவன் விட்டுப்போனவன். ஏற்கெனவே நான்கு வயதில் ஒரு மகள். பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் இல்லத்தில் கொடுத்திருக்கிறாள். கையெழுத்து ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று போட்டது போல இருந்தது. அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தபடி அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டிஷ்யூவை எடுக்கவில்லை. அதிகாரிதான் பெட்டியைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பெற்றவள் பதினொரு வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டாள். மகள் இருந்தாள். சந்திக்கச் சம்மதமா என்று அதிகாரி எழுதிக் கேட்டார். சிலர் பதில் சொல்ல ஒரு வருடம் எடுப்பார்களாம். இந்தப் பெண்ணின் சம்மதக் கடிதம் இரண்டே நாளில் வந்துவிட்டது.

அக்கா, மருத்துவமனை ஊழியர்களுக்குச் சீருடை தைப்பவள். முன்னறையில் மூன்று தையல் இயந்திரங்கள், சுவரோரம் வெள்ளையும் வெளிர்நீலமுமாகத் துணிக் கட்டுகள். கிராம் வாசலில் நின்றார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது அத்தனையும் மறந்துபோயிருந்தது.

“வாசல்லயே நின்னா எப்படி? உள்ள வாடா” என்றாள்.

கட்டிப்பிடிக்கவில்லை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து அவர் தோளில் வைத்தாள். தோள், கை, மார்பு என்று அளந்து ஒரு நோட்டில் எழுதினாள். வயிற்றைச் சுற்றி நாடா வந்ததும் நிறுத்தினாள்.

“நல்லாத்தான் சோறு போட்டிருக்காங்க.”

“வீட்டுக்காரியும் அதத்தான் சொல்றா.”

“காதப் பாரு, அப்படியே அம்மா காது.”

கிராம் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஐம்பத்தொரு வருடமாக அந்தக் காது யாரைப் போலவும் இருந்ததில்லை.

“ஒவ்வொரு வருஷமும் நீ பொறந்த தேதி வந்தா, அம்மா இந்தக் கதவுல கைய வச்சு, இப்ப இவ்ளோ ஒசரம் இருப்பான்னு காட்டுவா. உனக்கு இருபது ஆனதும் நிறுத்திட்டா. இனிமே வளர மாட்டான்னா.”

கிளம்பும்போது அம்மாவின் படத்தைக் கொடுத்தாள். ஆலை அடையாள அட்டைக்காக எடுத்தது. அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான். “நான் அவகூட நாப்பது வருஷம் இருந்துட்டேன். இது உனக்கு” என்றாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வந்தார். மூன்றாவது ஞாயிறு சட்டை தயாராக இருந்தது. வெளிர்நீலம். கடையில் வாங்கும் எந்தச் சட்டையும் அவருக்குத் தோளில் சரியாக உட்காராது. பெட்டி தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு விரற்கடை இறங்கிவிட்டிருந்தது. இந்தச் சட்டை அந்த இறக்கத்துக்கும் கணக்கு வைத்து வெட்டியது. போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார். “என்ன கிராம், மாப்பிள்ள மாதிரி?” என்றாள் காய்கறிக்காரி. “எங்கக்கா தச்சது” என்றார். அந்தச் சொல்லை வாயில் வைத்திருப்பதற்காகவே, யாரும் கேட்காத கடைகளிலும் நின்று சொன்னார்.

ஐந்தாவது வாரம், சட்டையின் கீழ்ப் பொத்தானைப் போடச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து மனைவி கேட்டாள்:

“பொறந்தப்பவே இப்படித்தானா? அந்தக் கோப்புல உங்க எடை போட்டிருக்குமே.”

போட்டிருந்தது. அதிகாரி கொடுத்த நகலின் கடைசிப் பக்கம். பெற்றவளின் பெயரும் கையெழுத்தும் இருக்கும்போது அந்தப் பக்கத்தை யார் பார்ப்பார்கள்? இல்லத்தில் திங்கள்கிழமை தோறும், பால் கொடுக்கும் முன் எடை பார்த்திருக்கிறார்கள். கிராம் சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தார். மூன்று கிலோ நூறு. மூன்று முந்நூறு. மூன்று ஐந்நூறு. அப்படியே ஏறி நாலு இருநூறு. அடுத்த திங்கள், மூன்று அறுநூறு.

சிரிப்பு நின்றது.

எண்ணுக்குப் பக்கத்தில் யாரோ ‘வயிற்றுப்போக்கு?’ என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே மருத்துவரின் குறிப்பு: ‘குழந்தை நலம். நோய் எதுவும் இல்லை.’ அதற்கடுத்த வாரம் மூன்று எழுநூற்றைம்பது. அதன் பின் இறக்கமே இல்லை.

கட்டம் போட்ட தாளை எடுத்துப் புள்ளி வைத்தார். ஒரு கோடு ஏறி வந்து ஒடிந்தது. அறுநூறு கிராம் கீழே இன்னொரு கோடு தொடங்கி ஏறியது.

“தராசு கெட்டிருக்கும்” என்றாள் மனைவி.

“கெட்டிருந்தா அன்னைக்கு எடை போட்ட எல்லாப் பிள்ளைக்கும் கொறஞ்சிருக்கணும்.”

மறுநாள் அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தார். இல்லத்தின் மொத்த எடைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அடுத்தவர் கோப்பைக் காட்ட முடியாது என்றார் அதிகாரி. “பேரு வேண்டாம்மா. எண்ணும் எடையும் போதும்.” அதிகாரி போய்ப் பார்த்துவிட்டு, பெரிய பதிவேடு ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். அதில் பெயரே இல்லை. தொட்டில் எண்கள் மட்டும்தான்.

அந்தத் திங்கள்கிழமை முப்பத்தொரு குழந்தைகள். இருபத்தொன்பது பேர் வழக்கம் போல ஏறியிருந்தார்கள். தராசில் குற்றமில்லை. இருபத்து மூன்று சறுக்கியிருந்தது. இருபத்தேழு, போன வாரம் மூன்று நானூற்றைம்பது, இந்த வாரம் நாலு முந்நூற்றைம்பது. ஏழு நாளில் எந்தக் குழந்தையும் தொள்ளாயிரம் கிராம் ஏறாது. கிராம் இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் போட்டார். அந்தத் திங்களிலிருந்து ஒன்றின் வாலை மற்றதோடு மாற்றிச் சேர்த்ததும் இரண்டும் நேராகிவிட்டன.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அதே வாரத்தின் பணிக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தார். சனிக்கிழமைக்கு நேரே ஒரு வரி: ‘அறைத் தரைக்கு வர்ணம். தொட்டில்கள் தாழ்வாரத்தில்.’ ஞாயிறு: ‘தொட்டில்கள் திரும்ப வைக்கப்பட்டன.’

“நம்பர எங்க எழுதியிருப்பாங்க, தொட்டில்லயா?” என்று கேட்டார் கிராம்.

அதிகாரி பழைய புகைப்படம் ஒன்றை நீட்டினார். வரிசையாகத் தொட்டில்கள். எண் தகடுகள் தொட்டில்களில் இல்லை. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும், சுவரில் அடித்திருந்தார்கள்.

அவருக்குத் தன் மரப்பெட்டியின் ஓரக் குழி நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஐந்தாம் மாதம் அப்பாவும் அம்மாவும் இருபத்து மூன்றாம் எண்ணின் கீழிருந்து தூக்கிப் போனது இருபத்தேழாம் எண்ணின் பிள்ளையை. அக்காவின் தம்பி வேறு எங்கோ, வேறு யாருடைய கோப்பையோ தன் பிறப்பென்று வைத்துக்கொண்டு இருக்கிறான்.

“அப்ப என்னோட கோப்பு?”

“இருபத்தேழு. ஆனா சட்டப்படி அது அவரோடது. அவரா வந்து கேக்காம என்னால திறக்க முடியாது.” அதிகாரி சற்று நிறுத்தினார். “எடைய வச்சு மட்டும் நான் எழுதவும் முடியாது. நீங்களும் அந்தம்மாவும் ரத்தப் பரிசோதனை செஞ்சுக்கணும். ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். வேண்டாம்னா, இந்தப் பதிவேட்ட எடுத்த எடத்துலயே வச்சிடுறேன். அதுவும் உங்க விருப்பம்தான்.”

வீட்டில் அப்பாவிடம் முதலில் சொன்னார். அப்பா தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். நேராகவும் பார்த்தார். “நாங்க நம்பரத் தூக்கிட்டு வரலடா. நீ என் வெரலப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேன்ன. அதான் தூக்கினேன்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது.

மனைவிதான் கேட்டாள். “அஞ்சு வாரமா நீங்க இருக்குற இருப்ப நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். அந்தப் பதிவேடு அங்கயே கெடந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு நஷ்டம்?”

“அவனுக்கு.”

“அவன நீங்க பாத்ததே இல்லையே.”

“அவன் எடத்துல நான் உக்காந்திருக்கேன்.”

அந்த ஞாயிறு போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அடுத்த ஞாயிறு கட்டத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அக்கா காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப உடம்பு எப்படிடா இருக்கு?”

அவர் தாளைப் பிரித்து, தைக்கும் பலகையில் வைத்துச் சொன்னார். ஒவ்வொரு திங்களாக, ஒவ்வொரு எண்ணாக, கடைக்காரரிடம் தராசின் பழுதைச் சொல்வது போலத்தான் அவருக்குச் சொல்ல வந்தது. தொட்டில், தாழ்வாரம், சுவர்த் தகடு. சொல்லி முடித்தபோது இயந்திரம் நின்றிருந்தது.

“நூறு கிராமும் இருநூறு கிராமும் சொல்லுமா, நீ யாரு பிள்ளன்னு?”

“சொல்லுதேக்கா.”

“அந்தக் காது?”

அவர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தாளை மறுபடி பார்த்தாள். துணியில் ஓர் அளவு தப்பினால் எங்கே தப்பியது என்று கண்டுபிடிக்கும் பெண் அவள். விரலால் அந்தக் கோட்டைத் தொடர்ந்து போய், அது ஒடிந்த இடத்தில் நிறுத்தினாள்.

“எதுக்கு வந்து சொன்ன? எனக்குத் தெரியாமலே போயிருக்குமே.”

“அம்மா கதவுல கைய வச்சுக் காட்டினது அவனுக்குத்தானே?”

ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று சொன்னார். “எங்க கையெழுத்துப் போடணும்?” என்றாள். போகும்போது, “பாத்துப் போங்க” என்றாள். அவர் தெருமுனை திரும்பும் வரை அந்த ‘போங்க’ காதிலேயே நின்றது.

முடிவு ஆறு வாரத்தில் வந்தது. இரண்டு பேருக்கும் ரத்த சம்பந்தம் இல்லை. அதிகாரி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். இருபத்தேழாம் கோப்பின் முகவரிக்குத் துறையின் வழியாக ஒரே ஒரு கடிதம் அனுப்பலாம், பதில் வராவிட்டால் மறுபடி தொந்தரவு செய்யக் கூடாது என்றார். நீங்கள் இருவருமே எழுதலாம், ஒரே உறையில் வைத்து அனுப்புகிறேன் என்றும் சொன்னார்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினாள். கிராம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். என் அம்மாவின் பெயர் உங்களிடம் இருக்கிறது, கொடுப்பீர்களா என்று கேட்க வேண்டும். அந்த ஒரு வரிதான். கடைசியில் பேனாவை மூடி வைத்தார்.

“நீங்க எழுதலையா?” என்று அதிகாரி கேட்டார்.

“ரெண்டும் ஒரே உறையில வேண்டாம்மா. அவருக்கு முதல்ல அக்கா கெடைக்கட்டும். கோப்புல இருக்குற அம்மா அவரோட அம்மா இல்லங்கறத அவர் அதுக்கப்புறம் கேட்டுக்கலாம். அவர் வந்தா நான் நேர்லயே கேட்டுக்குறேன்.”

“வரலைன்னா?”

அவர் தோளைக் குலுக்கினார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து, வேலை நேரத்திலேயே, ஒரு துணிப்பையோடு அக்காவின் வீட்டுக்குப் போனார். பைக்குள் அம்மாவின் படம், கண்ணாடிக் காகிதம் சுற்றியது. அதன் கீழே துவைத்துத் தேய்த்து மடித்த வெளிர்நீலச் சட்டை. படத்தை எடுத்து நீட்டினார். ஆலை அட்டையிலிருந்த பெண் இருவரையும் சேர்த்துப் பார்த்தாள்.

‘நீயே வச்சுக்கோ’ என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது. அவள் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டாள். இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டுகளை ஒதுக்கி, படத்தைப் பத்திரமாக வைத்து மூடினாள். அவன் வந்தால் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. கிராமுக்கும் அது தெரியும். தெரிந்தும் இழுப்பறை மூடிய சத்தம் நெஞ்சில் வந்து விழுந்தது.

சட்டையை எடுத்துப் பலகையில் வைத்தார்.

“இது எதுக்கு?”

“இதுவும் அவருக்குத் தச்சதுதானே.”

அவள் சட்டையைப் பிரித்தாள். வலது தோள் தையலைக் கட்டைவிரலால் தடவினாள். ஒரு விரற்கடை இறக்கி வெட்டிய இடம்.

“அவன் தோளு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியுமா? அவன் வந்தா அவனுக்கு வேற அளவு எடுக்கணும்.” சட்டையை மறுபடி மடித்தாள். “இது உன்ன அளந்து வெட்டினது. வேற யாருக்கும் சேராது. எடுத்துட்டுப் போ.”

அவர் அசையாமல் நின்றார். அவள் இயந்திரத்தில் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்தாள். மூன்று முறை தவறி நான்காவது முறை கோத்தாள்.

“அந்தக் கடைசிப் பொத்தான நகர்த்தித் தரணும். ஞாயித்துக்கிழமை போட்டுட்டு வா” என்றாள், தலை நிமிராமல்.

கடிதம் போய் எட்டு மாதமாகிறது. பதில் இல்லை. இருபத்தேழாம் கோப்பு நிலவறையில் மூடியே இருக்கிறது. சுற்றுக்குக் கிளம்பும் காலைகளில் கிராம் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கல்லும் அதனதன் குழியில்தான் இருக்கிறதா என்று பார்க்கிறார். மூடுவதற்கு முன் இன்னொரு முறையும் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிர்நீலச் சட்டை. காய்கறிக்காரி கேட்டால், “அக்கா தச்சது” என்கிறார். யாரும் கேட்காவிட்டால் சொல்வதில்லை.